எந்த லினக்ஸ் நம்மோடு பேசும்?

தருமபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை ஒன்றில் என் மடிக்கணினியைக் கொடுத்து லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னேன். மறுநாள் போனபோது, "பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது அண்ணா" என்று சொல்லிக் கையில் கொடுத்தான் கடைத்தம்பி. அழகாகத்தான் இருந்திருக்கும். காரிமங்கலத்துக்கு வந்து திறந்து உட்கார்ந்தால், உள்ளே மின்விசிறி சுழலும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பார்வையற்ற எனக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அவன் போட்டுக் கொடுத்ததில் இல்லவே இல்லை. மறுபடியும் பஸ் ஏறினேன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. லினக்ஸ் கேட்டேன், லினக்ஸ் கிடைத்தது. எப்படிக் கேட்பது என்று எனக்கே அன்று தெரியவில்லை. இப்போது பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்தும் பார்வையற்ற தம்பி தங்கைகள் போன் செய்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு அழைப்புகள் கூடிவிட்டன. கையில் இருக்கும் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. புதிது வாங்க வசதி இல்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எது நல்ல லினக்ஸ்?"

நான் திருப்பிக் கேட்பது வேறு. அது எந்தெந்த இடத்தில் வாயடைத்துப்போகும்? கணினியைப் போட்டதும் வரும் தொடக்கப் பட்டியல், நிறுவும் நேரம், கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரை, புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் காலை. இந்த நான்கு இடங்களில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. நமக்கு இந்த நான்கும்தான் பல்.

மாறத்தான் வேண்டுமா?

விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறவர் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டார். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவரால் வளர்ந்தது, 2006-இல் தொடங்கியது. ஆனால் அது விண்டோஸில் மட்டுமே ஓடும்.

உங்கள் அலுவலகம் டேலியில் கணக்கு எழுதச் சொல்கிறதா? பயிற்சி மையத்தின் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். வீட்டில் கிடக்கும் இன்னொன்றில் லினக்ஸ் பழகுங்கள். 2011 முதல் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி நம் மாவட்டங்களில் பல வீடுகளில் பரணில் தூங்குகிறது. நான் பழகியதும் என் தங்கைக்கு வந்த அந்தக் கணினியில்தான். அதில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வீட்டில் ஒருவரும் அதைத் திறந்ததில்லை என்பது வேறு கதை.

பேசுவது யார்?

லினக்ஸில் திரையைப் படித்துச் சொல்வது ஓர்கா. படிப்பதை ஒலியாக்குவது பெரும்பாலும் ஈஸ்பீக் என்ற குரல் எந்திரம். இரண்டுக்கும் நடுவில் தூதுபோவது ஸ்பீச் டிஸ்பாட்சர். பேச்சு நின்றுபோனால் மூன்றில் எது படுத்தது என்று தெரிய வேண்டும் என்பதால்தான் இந்தப் பெயர்களைச் சொல்லிவைக்கிறேன். இவை தவிர, படங்களே இல்லாத கறுப்பு எழுத்துத் திரையைப் படிக்க ஸ்பீக்கப் தனியாக இருக்கிறது. பிரெயில் காட்சிக் கருவி வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கு பிரெல்டிடிஒய்.

என்விடிஏ பழகியவருக்கு ஓர்கா அந்நியமாகத் தோன்றாது. இணையப் பக்கத்தில் ஹெச் அடித்தால் அடுத்த தலைப்பு, கே அடித்தால் அடுத்த இணைப்பு. என்விடிஏ விசை போலவே ஓர்கா விசை உண்டு. மேசைக்கணினியில் இன்சர்ட், மடிக்கணினி அமைப்பில் கேப்ஸ்லாக். ஓர்கா விசையோடு ஸ்பேஸ் அடித்தால் அமைப்புகள் திறக்கும். அதே ஓர்கா விசையோடு ஹெச் அடித்தால் பழகுநிலை வரும்; அதில் எந்த விசையை அழுத்தினாலும் அதன் வேலையைச் சொல்லும். வெளியே வர எஸ்கேப். முதல் நாள் அரை மணி நேரம் அந்தப் பழகுநிலையில் விசைகளைத் தட்டிக்கொண்டே இருங்கள், போதும்.

முதலில் டெஸ்க்டாப், அப்புறம் வழங்கல்

லினக்ஸ் பல வழங்கல்களாக, அதாவது பலர் தொகுத்துத் தரும் வடிவங்களாக, கிடைக்கிறது. உபுண்டுவா, டெபியனா, ஃபெடோராவா என்று சண்டை போடுகிறவர்கள் கண்ணால் பார்க்கிறவர்கள். நமக்கு அதைவிட முக்கியம், அதன்மேல் ஓடும் டெஸ்க்டாப், அதாவது பட்டியலும் சாளரமுமாக நாம் புழங்கும் முகப்பு. ஓர்கா நன்றாக ஒத்துப்போவது குனோமோடும் மாட்டேயோடும். (தென்னமெரிக்கத் தேநீர் ஒன்றின் பெயர் அது. ஈஸ்பீக் "மேட்" என்றே படிக்கும். நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி.)

2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி என்றால் மாட்டே. ஆல்ட்டோடு எஃப்1 அடித்தால் பட்டியல் திறக்கும், அம்புக்குறியால் இறங்கிப் போகலாம். பழைய விண்டோஸ் பட்டியலில் வளர்ந்த கைக்கு இது சொந்த வீடு. 4 ஜிபிக்கு மேல் இருந்தால் குனோமையும் பார்க்கலாம். அதில் சூப்பர் விசையை, அதாவது விண்டோஸ் விசையை, ஒருமுறை தட்டி, வேண்டிய மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் அடித்தால் போதும். தேடி அலைய வேண்டியதில்லை. மற்ற டெஸ்க்டாப்புகளும் மெல்லத் தேறி வருகின்றன. முதல் கணினிக்கு அவை வேண்டாம்.

பழைய மின்கம்பியை மாற்றுவதுபோல, லினக்ஸில் திரை வரையும் அடித்தளத்தையே எக்ஸ் என்பதிலிருந்து வேலண்ட் என்பதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக வேலண்ட் ஒரு செயலியின் விசைகளை இன்னொன்று ஒட்டுக்கேட்க விடாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் விசைகளைக் கேட்டே ஆகவேண்டிய ஓர்காவையும் அது வாசலில் நிறுத்திவிட்டது. 2025-இல் வந்த குனோம் 48 இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. அதற்கு முந்தைய குனோம் என்றால் உள்நுழையும்போது எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இனி வழங்கல். என் முதல் பரிந்துரை டெபியன். காரணம் ஒன்றே ஒன்று: நிறுவல் தொடங்கியதிலிருந்து முடியும் வரை யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல் நாமே நிறுவிக்கொள்ளலாம். கணினி கொஞ்சம் புதிது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறினால் போதும் என்பவர்களுக்கு உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அது இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. ஃபெடோரா நல்லதுதான், ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆயுள். ஓட்டமாக ஓடுகிறவருக்கு அது.

பார்வையற்றவர்களுக்கென்றே தனியாக உருவானவையும் உண்டு. கேட்டதும் ஆசை வரும். வைனக்ஸ், சோனார் என்று இரண்டு இருந்தன, இரண்டும் நின்றுபோயின. நின்றபோது அவற்றை நம்பியிருந்தவர்கள் நடுவழியில் இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர், பார்வைக் குறைபாடுள்ள தம் மனைவி அட்ரியானின் பெயரிலேயே, தாம் உருவாக்கிய நாப்பிக்ஸ் என்ற லினக்ஸில் பேசும் பட்டியல் ஒன்றை அமைத்தார். அது இன்னொரு வகை. கேரளத்தில் உருவான அக்சஸிபிள் கோக்கனட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உபுண்டு மாட்டேயின்மேல் கட்டியது. அச்சுப் பக்கத்தை வருடிப் படிக்கும் லியோஸ், ஆறு விசைகளில் பிரெயிலாகவே தட்டச்சு செய்யும் வசதி எல்லாம் சேர்ந்து வருகின்றன. பள்ளியில் பிரெயில் மட்டுமே படித்து, விசைப்பலகை பழகாத பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். உறுதியாக முடிவெடுக்க முடியவில்லை என்றால், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே போடுங்கள். இரவு பத்து மணிக்குப் போனில் கேட்க ஓர் ஆள் இருப்பது எந்த வசதியையும் விடப் பெரியது.

பென்டிரைவும், பேசாத முதல் திரையும்

முக்கியமான கோப்புகளை முதலில் வேறு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். இன்னொரு காலி பென்டிரைவில் லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் கோப்பை, எழுத வேண்டும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய கருவி என்விடிஏவோடு ஒத்துழைக்கிறது. பல வழங்கல்களை ஒரே பென்டிரைவில் போடும் வென்டாயை நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். அதன் தேர்வுப் பட்டியல் பேசாது. இருக்கிற மௌனம் போதாதென்று நாமே ஒன்றைச் சேர்த்துக்கொள்வதாகும்.

அடுத்தது பயாஸ், இயங்குதளம் வருவதற்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே மட்டும் கண் வேண்டும். பென்டிரைவிலிருந்து தொடங்க அழுத்த வேண்டிய விசை கணினிக்குக் கணினி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஏதோ ஒன்று. பயாஸ் திரையை எந்தத் திரைவாசிப்பானும் படிக்காது. வீட்டில் யாராவது இருக்கும்போது, யூஎஸ்பியை வரிசையில் முதலாவதாக வைக்கச் சொல்லிச் சேமித்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும். ஆள் இல்லையா? பி மை ஐஸ் செயலியில் தன்னார்வலர் ஒருவரை அழைத்து போன் கேமராவைத் திரைமுன் பிடியுங்கள். போனை ஒரு சொம்பில் சாய்த்து நிறுத்தினால் இரண்டு கையும் விசைப்பலகைக்குக் கிடைக்கும்.

காதால் சோதனை

உபுண்டு, ஃபெடோரா, டெபியனின் லைவ் பதிப்பு போன்றவற்றைக் கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். தொடங்கியதும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சூப்பர் என்பது விண்டோஸ் விசைதான். இடது ஆல்ட்டை ஒட்டி அதற்கு இடப்பக்கம் இருக்கும். "ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்று ஆங்கிலத்தில் ஒரு கரகரப்பான குரல் வரும். எனக்கு முதன்முதலில் அது கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

குரல் வரவில்லை என்றால் உடனே ஓர்காவைத் திட்டாதீர்கள். முதலில் ஒலியைக் கூட்டும் விசையைத் தட்டுங்கள். அப்புறம் யூஎஸ்பி ஹெட்போன் ஒன்றைச் செருகிப் பாருங்கள். சில புதிய மடிக்கணினிகளில் உள் ஒலிபெருக்கிக்குத் தனி ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் சிறு மென்பொருள்) வேண்டும். யூஎஸ்பி ஹெட்போனுக்குத் தன் ஒலிச்சில்லு உள்ளேயே இருப்பதால் அது பேசிவிடும். டெபியன் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபர்ம்வேர்களை நிறுவல் கோப்போடேயே தருகிறது. ஆகவே யாராவது பழைய டெபியன் பென்டிரைவ் கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பேச்சு வந்ததும் இணையம். வைஃபை கடவுச்சொல்லோடு அப்போதே மல்லுக்கட்ட வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் கேள்வியே கேட்காமல் இணையம் வந்துவிடும். ஃபயர்பாக்ஸில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து தலைப்புத் தலைப்பாகத் தாவிப் பாருங்கள். லிப்ரே ஆஃபீஸில் நான்கு வரி எழுதிச் சேமியுங்கள். கணினியைப் பூட்டி, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பேசுகிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசிச் சோதனையில்தான் பல அழகான வழங்கல்கள் தோற்கின்றன.

நிறுவுதல்: டெபியன் வழி

மின்சாரக் கேபிளைச் செருகிவிட்டு உட்காருங்கள். டெபியன் நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கியதும், ஒலிச்சில்லு அனுமதித்தால், தொடக்கப் பட்டியல் தயார் என்று ஒரு பீப் கேட்கும். எஸ் அடித்து என்டர் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஈஸ்பீக் பேசத் தொடங்கும். ஒன்றுக்கு மேல் ஒலி அட்டைகள் இருந்தால் எதன் வழியாகக் குரல் உங்கள் காதில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். குரல் காதில் விழுந்ததும் என்டர் அடித்தால் போதும்.

அதன்பின் எல்லாமே கேள்வி பதில். தேர்வுகளை எண் போட்டு வாசிக்கும், நீங்கள் எண்ணைத் தட்டி என்டர் அடிக்க வேண்டும். மவுஸ் என்ற பேச்சே இல்லை. நிறுவல் மொழியாக இப்போதைக்கு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, நாடு இந்தியா என்று கொடுங்கள். நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஒன்றும் எழுதாமல் இரண்டு முறை என்டர் அடித்துவிட்டால், உங்கள் சொந்தக் கடவுச்சொல்லே நிர்வாக வேலைக்கும் பயன்படும். நினைவில் வைக்க ஒன்று குறைந்தது.

ஓர் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். வட்டைப் பிரிக்கும் கேள்வி. "முழு வட்டையும் பயன்படுத்து" என்ற பொருளில் வரும் தேர்வு, உள்ளே இருக்கும் விண்டோஸையும் புகைப்படங்களையும் துடைத்துவிடும். பரணிலிருந்து இறக்கிய கணினி என்றால் துணிந்து அதைக் கொடுங்கள். விண்டோஸும் இருக்க வேண்டும் என்றால், விண்டோஸுக்குள்ளிருந்தே முன்கூட்டிக் காலியிடம் ஒதுக்கிவிட்டு, இங்கே வந்து "மிக அதிகமான தொடர்ச்சியான காலியிடத்தைப் பயன்படுத்து" என்ற பொருளில் வரும் தேர்வுக்குப் போங்கள். மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று கடைசியாக ஒருமுறை கேட்கும். அதுவரை எதுவும் அழிந்திருக்காது. அந்தக் கேள்வி வந்ததும் நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பதில்.

டெஸ்க்டாப் பட்டியல் வரும்போது மாட்டேயின் எண்ணைக் கொடுங்கள். பேச்சோடு நிறுவியதால், நிறுவி முடித்த கணினியும் பேச்சோடுதான் எழுந்திருக்கும். இரண்டு இயங்குதளங்கள் இருந்தால் நடுவே கிரப் என்ற பட்டியல் வரும், அது பேசாது. ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திறந்துவிட்டால் வரும்போது பீப் அடிக்கும். பிறகு கீழ் அம்பை எத்தனை முறை தட்டினால் விண்டோஸ் என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் படிக்க, தமிழில் எழுத

ஓர்கா அமைப்பில் குரல் பக்கத்துக்குப் போய் மொழியைத் தமிழாக்குங்கள். ஈஸ்பீக்கின் தமிழ், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ அவசரமாகப் பேசுவது போல இருக்கும். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேளுங்கள். அப்புறம் வேகத்தைக் கூட்டச் சொல்லி நீங்களே கேட்பீர்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களை அது ஆங்கிலமாகவே படித்துவிடும். ஓசூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையில் கன்னடம். மூன்றுக்கும் ஈஸ்பீக்கில் குரல் உண்டு. மூன்றிலும் அதே கிணறுதான் என்கிறார் அவர். அச்சிட்ட தாளைப் படிக்க டெசராக்ட் என்ற எழுத்துணரி உண்டு, அது தமிழ் எழுத்தை அறியும். தாளை நேராக வைத்து வருடினால் நன்றாகவே படிக்கிறது.

தட்டச்சுக்கு, பிறமொழி எழுத உதவும் ஐபஸ் என்ற கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பு நமக்காகவே செய்ததோ என்று தோன்றும். உயிர் எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தெரியும் அல்லவா? எஃப் மேட்டில் புள்ளி, ஜே மேட்டில் ப. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஆகவே "அம்மா" என்று எழுத ஏ, கே, கே, க்யூ: நான்கே தட்டல்.

பேச்சு நின்றுவிட்டால்

நிற்கும். முதலில் ஆல்ட், சூப்பர், எஸ்ஸை இரண்டு முறை அழுத்துங்கள். நிறுத்தித் தொடங்கிப் பார்ப்பது. வரவில்லையா? ஆல்ட்டோடு எஃப்2 அடித்து, ஓ, ஆர், சி, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அடியுங்கள். அதுவும் தோற்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. எழுத்துத் திரைக்குப் போவீர்கள். டெபியனைப் பேச்சோடு நிறுவியிருந்தால் அங்கே ஸ்பீக்கப் காத்திருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய்க் கணினியை மறுபடி தொடங்கச் சொல்லலாம்.

அன்றாடப் பாதுகாப்பு மேம்பாடுகளைத் தள்ளிப்போடாதீர்கள், அவை பேச்சைக் கெடுப்பது அரிது. பெரிய பதிப்பு மாற்றம் வேறு. அது வந்த வாரமே பாயாமல், இரண்டு மூன்று மாதம் மற்றவர்கள் விழுந்து எழட்டும் என்று காத்திருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் கணினியில் எதையும் மாற்றாதீர்கள்.

நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவை மேசை இழுப்பறையில் பத்திரமாக வையுங்கள். கணினி முற்றிலும் வாயடைத்துப்போகும் நாளில் அதிலிருந்து தொடங்கிக் கோப்புகளை மீட்கலாம். அதில் பாட்டு ஏற்றிப் பக்கத்து வீட்டுக் காருக்குக் கொடுத்துவிடக் கூடாது. நான் கொடுத்தேன். மூன்றாம் நாள் தேவைப்பட்டது, கார் ஒகேனக்கல் போயிருந்தது.